வனவர் என்பது பதவியா, தொழிலா?

காட்டில் நோயுற்றுக் கிடக்கும் யானைக்கு மயக்க ஊசி செலுத்த வரும் மருத்துவர், 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர். அந்த யானையின் பொருட்டு நீதிமன்றத்தில் வாதாடுபவர் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பதிவு பெற்றவர். அக்காட்டின் ஓரத்தில் எழும் விடுதிக்குக் கட்டடக் கலைஞர் என்ற பெயரில் வரைபடம் தருபவரும் 1972ஆம் ஆண்டுச் சட்டமொன்றுக்குக் கட்டுப்பட்டவர். இம்மூவரில் எவர் தொழிலறம் மீறினாலும் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வழியுண்டு. அந்த யானை வாழும் காட்டில் வரும் பத்தாண்டுகளில் எந்தப் பகுதியில் எந்த மரத்தை வெட்டலாம், எங்கே புதிதாக நடலாம், எந்தச் சரிவைத் தொடாமல் விடவேண்டும் என்று திட்டம் எழுதுபவருக்கு மட்டும் அத்தகைய பதிவேடு இந்தியாவில் இல்லை. இல்லாதிருப்பதை வியப்பாகக் கருதுவோரும் அதிகம் இல்லை.

இதற்கான காரணத்தின் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்டர்' என்பது ஒரு தொழிலைக் கற்றுத் தேர்ந்தவரைக் குறிக்கும் சொல். இந்திய வனத்துறையில் அது ஏணியின் ஒரு படி. வனக் காவலர், வனக் காப்பாளர், வனவர், வனச்சரக அலுவலர் என்று ஏறிச்செல்லும் வரிசையில் வனவர் என்பதுதான் அந்த 'ஃபாரஸ்டர்'. மாவட்ட வன அலுவலரைப் பார்த்து 'நீங்கள் ஃபாரஸ்டரா?' என்று கேட்டால், பதவியிறக்கம் செய்துவிட்டதாக அவர் முகம் சுளிக்கக்கூடும். பதவியைச் சுட்டும் சொற்கள் இத்தனை இருக்க, தொழிலைச் சுட்டும் சொல் ஒன்றுகூட வழக்கில் நிலைக்கவில்லை. இக்கட்டுரையின் தேவைக்காக அத்தொழிலுக்குரியவரை வனவியலர் என்று அழைக்கலாம்.

சட்டமும் இதே குழப்பத்தைத்தான் சுமக்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில் வன அலுவலர் யார் என்று வரையறுக்கிறது. இச்சட்டத்தின் நோக்கங்களை நிறைவேற்ற அரசோ அரசு அதிகாரமளித்த அலுவலரோ யாரை நியமிக்கிறாரோ அவரே வன அலுவலர் என்பது அதன் சாரம். நியமிக்கப்பட்டதனால் அலுவலர், அலுவலர் என்பதனால் அதிகாரம். எதை அறிந்திருக்க வேண்டும் என்பது பற்றி அவ்வரையறையில் ஒரு சொல்லும் கிடையாது. காடு என்றால் என்ன என்பதையும் அச்சட்டம் வரையறுக்கவில்லை. டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் எது காடோ அதுவே காடு என்று சொல்லவேண்டியதாயிற்று. எழுபதாண்டுக் காலம் ஆண்ட சட்டமொன்றின் மையச் சொல்லுக்குப் பொருள் தேடி நீதிமன்றம் அகராதியைப் புரட்டிய இந்நிகழ்வு, பொருண்மையியல் வகுப்புகளில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை என்பது தனிச் செய்தி.

தகுதி பற்றிய பேச்சு இந்நாட்டில் எழும்போதெல்லாம் அது தேர்வுத் தகுதியாகவே சுருங்கிவிடுகிறது. இந்திய வனப் பணிக்கு விண்ணப்பிக்க, கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். கணிதம் படித்தவர் உள்ளே வரலாம். புவியியலோ மானிடவியலோ மட்டும் படித்தவர் வர இயலாது. 2013 முதல் குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வே இதற்கும் வடிகட்டி. முதன்மைத் தேர்வில் வனவியல் ஒரு விருப்பப் பாடம். அதைத் தொடாமலே வனப் பணியில் சேர்ந்துவிட முடியும். விடைகள் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும். குடிமைப் பணித் தேர்வைத் தமிழிலோ சந்தாலியிலோ எழுத அனுமதிக்கும் அதே ஆணையம், பழங்குடி மக்களுடன் நாள்தோறும் பேசவேண்டிய பணிக்கு அந்த வாசலை அடைத்து வைத்திருக்கிறது. இறுதியாக உடல்தகுதிக்காக ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்டவேண்டும். பட்டியலில் காட்டோடு நேரடித் தொடர்புடைய கட்டாய நிபந்தனை இந்த நடை ஒன்றுதான் என்று கேலி செய்ய இடமுண்டு.

கேலி முழு நியாயமாகாது. தேர்வானவர்கள் டேராடூனிலுள்ள இந்திரா காந்தி தேசிய வன அகாடமியில் வனவளர்ப்பு, நில அளவை, வனவிலங்கு மேலாண்மை, சட்டம் எல்லாம் கற்கிறார்கள். தேர்வில் இல்லாத வனவியல் பயிற்சியில் வந்துசேர்கிறது. எந்தப் பட்டத்திலிருந்து வந்தாலும் கூரிய மனம் படைத்தவரைக் காட்டுக்குப் பழக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் சான்றுகள் இல்லாமல் இல்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இவ்வாறு பெறப்படும் அறிவு பதவியோடு ஒட்டிக்கொண்டது. பதவியிலிருப்பவரின் கையொப்பம் அரசின் கையொப்பம். திட்டம் பிழையானால் துறை விளக்கம் கேட்கலாம், மாற்றலாம், இடைநீக்கம் செய்யலாம். அவருடைய தொழில்சார் தீர்ப்பை அவருக்கு நிகரானவர்கள் பொதுவெளியில் எடைபோடும் அவை ஒன்று இல்லை. பதவிக்கு வெளியே இருப்பவரின் அறிவோ எவ்விதக் கணக்கிலும் சேராது.

அந்த வெளியே இருப்பவர்களின் எண்ணிக்கை சிறிதன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வேளாண் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு வனவியல் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. 1985இல் சோலனில் தோட்டக்கலைக்கும் வனவியலுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே எழுந்தது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. கர்நாடகத்தில் சிர்சியிலும் பொன்னம்பேட்டையிலும் இருக்கின்றன. மண்ணியல், மர உடலியல், வன அளவையியல், வேளாண்காடு, மரத் தொழில்நுட்பம் என்று எட்டுப் பருவங்கள் படித்து வெளியேறும் மாணவருக்குச் சட்டம் தருவது என்ன? வேறு எவராலும் செய்ய இயலாத, அவருக்கே உரிய ஒரு செயல்கூட இல்லை. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு அப்பட்டம் செல்லும். பலர் அவ்வழியே பயிர்க்கடன் கோப்புகளுக்குப் போய்ச் சேர்கிறார்கள். சில மாநிலங்கள் வனச்சரக அலுவலர் நியமனத்தில் வனவியல் பட்டதாரிகளுக்குப் பங்கோ முன்னுரிமையோ அளிக்கின்றன. கர்நாடகத்தில் அப்பங்கு குறைக்கப்பட்டபோது மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நியாயமான போராட்டம்தான். எனினும் அவர்கள் கேட்டதும் பதவியில் பங்குதான். கேட்பதற்கு வேறொன்று இருப்பதாக இந்நாட்டின் வனவியல் கல்வி அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

வேறொன்று எப்படி இருக்கும் என்பதற்குக் கலிபோர்னியா ஒரு சான்று. அங்கு 1972இல் தொழில்முறை வனவியலர் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த வன நடைமுறைச் சட்டம், தனியார் நிலத்தில் வணிகத்துக்காக மரம் வெட்ட வேண்டுமெனில் பதிவுபெற்ற வனவியலர் ஒருவர் அறுவடைத் திட்டம் தயாரிக்கவேண்டும் என்று விதித்தது. பதிவுக்கான நிபந்தனையில் இந்தியக் கல்வியாளர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அடிப்படைத் தேவை ஏழாண்டு வனப் பணி அனுபவம். அதில் ஒரு பகுதி பொறுப்பு வகித்தோ, பொறுப்பிலிருப்பவரின் மேற்பார்வையிலோ கழிந்திருக்க வேண்டும். பட்டம் பெற்றவருக்கு அந்த ஏழில் நான்காண்டு வரை கழித்துக்கொள்ளப்படும். அதாவது பட்டம் அனுபவத்துக்கு மாற்றாக ஏற்கப்படுகிறது. அனுபவம் பட்டத்துக்குப் பின்னிணைப்பாகக் கருதப்படவில்லை. அதன்பின் தேர்வு. தேறியவரின் பெயரும் எண்ணும் அவர் தயாரிக்கும் திட்டத்தில் இருக்கும். ஏமாற்றோ பெரும் கவனக்குறைவோ நிறுவப்பட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும் அல்லது பறிக்கப்படும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த ஏற்பாடு இன்னும் பழையது. 1947இலேயே வனவியலர் சட்டம் வந்துவிட்டது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட கல்விக்குப் பிறகு, அனுபவமிக்க ஒருவரின் வழிகாட்டலில் பயிற்சிக் காலத்தைக் கழித்துத் தேர்வெழுத வேண்டும். அப்படியிருந்தும் அம்மாநிலத்தின் முதுமரக் காடுகள் வெட்டப்படுவதைக் குறித்த சச்சரவு ஓயவில்லை. பதிவேடு காட்டைக் காத்துவிடும் என்று யாரும் சொல்லமுடியாது. யார் எழுதிய திட்டத்தால் எது நடந்தது என்பதைக் கேட்க முடிகிறது, அவ்வளவே.

இந்தியக் காடுகளின் பெரும்பகுதி அரசுடைமை, ஆகவே தனியார் வனவியலருக்கு இங்கே வேலையென்ன என்று ஒரு வாதம் வைக்கப்படுவதுண்டு. முப்பதாண்டுகளுக்கு முன்பு அது ஏற்புடையதாக இருந்திருக்கலாம். இன்று ஆலைகளுக்குச் செல்லும் சவுக்கும் தைலமரமும் பெரும்பாலும் உழவர்களின் வயலில் வளர்கின்றன. நாற்று விற்பவரே நோய்க்கு மருந்தும் சொல்கிறார், மகசூலையும் கணிக்கிறார். இருபதாண்டுக்குப் பின் கோடியில் கொழிக்கலாம் என்று சொல்லி மரக்கன்றை விற்றுவிட்டுக் காணாமல் போவோரிடம் இழந்த பணத்துக்குக் கணக்கில்லை. 2025 ஜூன் மாதம் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேளாண் நிலத்தில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி களச் சரிபார்ப்பைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட முகமைகள் செய்யலாம். முகமை என்பது நிறுவனம். வயலில் நின்று மரத்தைச் சுற்றி நாடா பிடிக்கும் தனிமனிதர் என்ன படித்திருக்கவேண்டும், பொய்யளவு கொடுத்தால் அவர் எதை இழப்பார் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. கார்பன் வரவுக்காகத் தோப்புகளை அளந்து அறிக்கை எழுதும் ஆலோசகர்கள் பெருகிவரும் காலத்தில் இக்கேள்வி இன்னும் கனக்கிறது.

ஆகவே உடனே ஒரு சட்டம் இயற்றிவிடலாம் என்று சொல்வது எளிது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு பழைய நினைவு வரவேண்டும். 2009இல் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில வேளாண் மன்றச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வேளாண் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்கள் மட்டுமே வேளாண் ஆலோசனை வழங்கலாம், மீறினால் தண்டனை என்பது அதன் உள்ளடக்கம். பக்கத்து வயல்காரரிடம் பூச்சிக்கு வழி கேட்பதும் குற்றமாகுமா என்று உழவர்கள் கேட்டார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அதை எதிர்த்து நின்றார். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பட்டம் பெற்றவர். அச்சட்டத்தின்படி பதிவுசெய்துகொள்ளும் தகுதி அவருக்கு இருந்தது என்பதே அந்த எதிர்ப்பின் கனத்தைக் கூட்டியது. சட்டம் நடைமுறைக்கு வரவில்லை, வராதது நல்லது.

அச்சட்டத்தின் பிழை பதிவேட்டில் இல்லை. அது வேலியிட்ட இடத்தில் இருந்தது. ஒரு தொழிலைச் சட்டத்தால் காப்பதற்குக் குறைந்தது இரு வழிகள் உள்ளன. முதல் வழியில் அறிவையும் பேச்சையுமே வேலிக்குள் அடைத்து, பதிவில்லாதவர் வாய் திறக்கக்கூடாது என்று விதிக்கப்படும். இரண்டாவதில் பெயரும் கையொப்பமும் மட்டும் காக்கப்படும்; எவரும் எதையும் சொல்லலாம், செய்யலாம், ஆனால் பதிவுபெற்ற வனவியலர் என்று கையொப்பமிட்டு ஓர் ஆவணத்துக்குப் பொறுப்பேற்பவர் அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர். 2009இன் சட்டம் முதல் வழியைத் தேர்ந்தது. காட்டைப் பொறுத்தவரை அவ்வழி வேளாண்மையைவிடப் பன்மடங்கு கேடானது. ஏனெனில் இத்துறையின் வரலாறே பட்டமில்லாதவர்களின் அறிவைக் கடன்வாங்கிக் கட்டப்பட்டது.

நிலம்பூரின் தேக்குத் தோட்டம் அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. 1840களில் மலபார் ஆட்சியர் கொனோலியின் முன்முயற்சியில் அது தொடங்கியது. தேக்கு விதையை முளைக்கவைக்கும் முறையைக் கண்டு தோட்டத்தை நிலைநிறுத்தியவர் சாத்து மேனன். அப்போது இந்தியாவில் வனக் கல்லூரி இல்லை, வனத் தலைமை ஆய்வாளர் பதவி இல்லை. டீட்ரிச் பிராண்டிஸ் அப்பதவிக்கு வந்தது 1864இல், டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியது 1878இல். சாத்து மேனனுக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. ஆனாலும் அவருக்குப் பெயர் கிடைத்தது. பர்மாவின் கரேன் மக்களுக்கு அதுவும் இல்லை. மலைச்சரிவில் பயிரிட்டபடியே தேக்கு வளர்க்கும் அவர்களது உழைப்பின் மீது எழுந்த முறைக்குத் 'தாங்யா' என்று பெயர். பர்மிய மொழியில் மலைக்கொல்லை என்று பொருள்படும் அச்சொல் இன்று உலகெங்கும் வனவியல் பாடநூல்களில் இருக்கிறது. தமிழின் சோலையும் இவ்வாறே 'ஷோலா'வாகி ஆய்வேடுகளில் ஏறியது. சொல்லைக் கடன்வாங்கிய துறை, அச்சொல்லைப் பேசியவரை வாட்சராக மட்டுமே வேலைக்கு எடுத்தது.

கற்றவர்கள் செய்தது மறுபக்கம் இருக்கிறது. நீலகிரியின் புல்வெளிகளைப் பயனற்ற வெற்றுநிலம் என்று கணக்கிட்டுச் சீகையும் தைலமரமும் நட்டவர்கள் தங்கள் காலத்தின் முறையான பயிற்சி பெற்றவர்களே. தோடர்களுக்கு அது எருமை மேயும் இடம், சடங்கு நிகழும் இடம், நீர் ஊறும் இடம். இன்று அதே மரங்களை அகற்ற நீதிமன்ற ஆணைகளும், 2022இல் தமிழ்நாடு வெளியிட்ட அயல் ஊடுருவல் தாவரக் கொள்கையும் தேவைப்படுகின்றன. நட்டதற்கும் செலவு, பிடுங்குவதற்கும் செலவு. எந்தத் திட்டத்தில் யார் அந்நிலத்தை வெற்றுநிலம் என்று எழுதினார் என்று தேடினால் துறையின் பெயர்தான் கிடைக்கும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவுக்கு ஏற்ற தகுதி எப்படியிருக்கவேண்டும் என்பது ஓரளவு துலங்கும். அடித்தளம் கள அனுபவமாக இருக்கவேண்டும். வனவியல் பட்டம் அதில் சில ஆண்டுகளைக் குறைக்கலாம். இருபதாண்டு வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த இருளரோ காணிக்காரரோ பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காக வாசலில் நிறுத்தப்படக்கூடாது. தேர்வு அட்டவணை மொழிகளில் நடக்கவேண்டும், எழுதத் தெரியாதவருக்கு வாய்மொழியாகவும் நடக்கவேண்டும். மொழியறிவு இங்கே அலங்காரமன்று. அனைத்திந்தியப் பணி அலுவலர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தின் மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும் என்ற விதி இப்போதும் இருக்கிறது. அது மனுவைப் படிக்கவும் கூட்டத்தில் பேசவும் போதும். ஒரு மரத்துக்கு இளமையில் ஒரு பெயரும் முதிர்ச்சியில் வேறு பெயரும் வைத்திருக்கும் மொழியில், அந்த வேறுபாடு எதைக் குறிக்கிறது என்று கேட்டறியும் திறன் வேறு. அதைச் சோதிக்காத தகுதித் தேர்வு பாதித் தேர்வு.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த விவாதத்தில் விலக்க முடியாத எல்லைக்கல். சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாளவும் கிராம சபைக்கு அச்சட்டம் உரிமை தருகிறது. மேலாண்மைத் திட்டத்தையும் கிராம சபையின் குழுவே தயாரிக்கலாம் என்று 2012இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா-லேக்கா 2009இல் ஏறத்தாழ 1800 ஹெக்டேருக்கு அவ்வுரிமையைப் பெற்று, 2011இல் மூங்கிலைத் தன் அனுமதிச்சீட்டிலேயே விற்கவும் தொடங்கியது. பதிவுபெற்ற வனவியலரின் ஒப்பமில்லாமல் கிராம சபையின் திட்டம் செல்லாது என்று நாளை ஒரு விதி வந்தால், போராடிப் பெற்றது பின்வாசல் வழியாகப் பறிபோகும். வனவியலர் கிராம சபை விரும்பினால் அமர்த்திக்கொள்ளும் ஆலோசகராக இருக்கவேண்டும். துறையோடு பூசல் வரும்போது அச்சபைக்காகக் கணக்கெடுத்துச் சான்று சொல்லும் துணிவுடையவராக இருக்கவேண்டும். இன்று அத்தகைய சான்று சொல்ல ஓய்வுபெற்ற அலுவலரைத் தேடி அலைய நேர்கிறது, அவரும் தம் பழைய துறையை எதிர்க்கத் தயங்குகிறார்.

மன்றங்கள் மீது இந்நாட்டில் நிலவும் ஐயமும் காரணமற்றதன்று. இந்திய மருத்துவ மன்றம் கலைக்கப்பட்டு 2020இல் அதனிடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்த கதை அனைவரும் அறிந்தது. ஆகவே வனவியலர் பதிவேடு எவரும் இணையத்தில் பார்க்கத்தக்கதாகவும், ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்புகள் காரணங்களோடு அந்தந்த மாநில மொழியில் வெளியிடப்படுவதாகவும், மன்றத்தின் இருக்கைகளில் ஒரு பங்கு வனம்சார் சமூகத்தினருக்கும் மரம் வளர்க்கும் உழவர்களுக்கும் உரியதாகவும் இருந்தாலன்றி அது இன்னொரு கட்டண வசூல் அலுவலகமாகவே முடியும்.

நாடாளுமன்றம் அசையட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. 1976இன் 42ஆம் திருத்தத்துக்குப் பின் காடு பொதுப்பட்டியலில் இருக்கிறது. தொழில்களைப் பற்றிய 26ஆம் பதிவும் அதே பட்டியலில்தான். ஒரு மாநிலச் சட்டமன்றம் தொடங்கலாம். வனவியல் கல்லூரிகள் அதற்கு முன்பே வரைவு ஒன்றை எழுதிப் பார்க்கலாம். அவ்வரைவை மேட்டுப்பாளையம் கல்லூரியில் விவாதிக்கும் முன், ஆங்கிலத்தில் தட்டச்சாகும் முன், கூடலூரிலும் சத்தியமங்கலத்திலும் வன உரிமைக் குழுக்களின் கூட்டத்தில் தமிழில் உரக்க வாசித்து, அவர்கள் எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது நல்லது.